கைதுச் செய்தி போட்டோம், விடுதலைச் செய்தி எங்கே?

பழையடெஸ்க் (இழையைத் தொடங்கியவர்)
திங்கள், இரவு 10.40

போன வாரம் எங்கள் அலுவலகப் பொது மின்னஞ்சலுக்கு நான்கு வரியில் ஒரு கடிதம் வந்தது. 2016ல் நாங்கள் வெளியிட்ட ஒரு செய்தியின் இணைப்பையும் நீதிமன்றத் தீர்ப்பின் நகலையும் சேர்த்து அனுப்பியிருந்தார். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் நடந்த நகைக்கடன் மோசடி வழக்கு. கைதான ஐந்து பேரில் இவரும் ஒருவர், அங்கே எழுத்தராக இருந்தவர். 2021ல் நீதிமன்றம் இவரை விடுதலை செய்துவிட்டது. "என் பெயரைப் போட்டுத் தேடினால் முதலில் வருவது உங்கள் செய்திதான். மகளுக்கு வரன் பார்க்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள்" என்று முடித்திருந்தார்.

இணைப்பைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் செய்திக்குத் தலைப்பு வைத்ததே நான்தான். அப்போது நெல்லைப் பதிப்பில் உதவி ஆசிரியராக இருந்தேன். "நகைக்கடன் மோசடி: கூட்டுறவுச் சங்க ஊழியர்கள் 5 பேர் சிக்கினர்." காவல்துறை கொடுத்த குறிப்பை நாலு பத்தியாக எழுதி, அவர்களே அனுப்பிய படத்தையும் வைத்திருக்கிறோம். முன்வரிசையில் ஐந்து பேரும் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க, பின்னால் காவலர்கள் நிற்கும் வழக்கமான படம். ஐந்து பேரின் பெயர், வயது, தெருப் பெயர், தகப்பனார் பெயர் எல்லாம் இருக்கிறது. "சிக்கினர்" என்று எழுதியபோது நான் தீர்ப்பையே எழுதிவிட்டேன். அது அன்றைக்கு என் புத்திக்கு எட்டவில்லை.

விடுதலையான செய்தி எங்கள் தளத்தில் எங்குமே இல்லை. அதே மாதம் அந்த மாவட்டத்திலிருந்து வந்த மற்ற கைதுச் செய்திகளையும் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றுக்குக்கூட வழக்கின் முடிவைப் போடவில்லை.

என் ஆசிரியரிடம் கேட்டால், "ஒருத்தருக்கு நீக்கினால் ஊரே வரிசையில் நிற்கும்" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. துறையில் இருப்பவர்களும் வாசகர்களும் சொல்லுங்கள். நீக்குவதா, மாற்றுவதா, அப்படியே விடுவதா?

---

ஈயஎழுத்து
செவ்வாய், காலை 6.15

தம்பி, நான் முப்பத்தோரு வருஷம் அச்சில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. இன்றைய பேப்பர் நாளைக்கு வடை மடிக்கப் போய்விடும். பழைய செய்தி வேண்டுமென்றால் கன்னிமாரா நூலகத்துக்குப் போய் மனு எழுதிக் கொடுத்து, தொகுப்பை வாங்கிப் புரட்ட வேண்டும். அவ்வளவு மெனக்கெட்டு ஒருவரும் மாப்பிள்ளை பார்க்கவில்லை. ஊர் மறந்தது. அந்த மறதி எங்கள் தவறுகளையும் சேர்த்து மூடியது. அது எங்கள் நேர்மையால் வந்ததில்லை, காகிதத்தின் குணம் அது. இதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நீக்கக் கூடாது. அச்சானது அச்சானதுதான். 2016ல் அவர் கைதானது உண்மை. நடந்ததை நடக்கவில்லை என்று ஆக்கும் அதிகாரத்தை ஒரு பத்திரிகை தன் கையில் எடுத்துக்கொண்டால், நாளை வேறு எதையெல்லாம் நீக்கும்? திருத்தம் போடுங்கள், வருத்தம் தெரிவியுங்கள். ஏட்டைக் கிழிக்காதீர்கள்.

"சிக்கினர்" பற்றிச் சொன்னீர்கள். "பலே ஆசாமி", "கைவரிசை", "கம்பி எண்ணுகிறார்" என்று நாங்களே வளர்த்துவிட்ட மொழி அது. உள்ளே எங்காவது ஒரு "கூறப்படுகிறது" போட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று நினைத்தோம். தலைப்பைப் படித்தவர்களில் எத்தனை பேர் அந்தக் "கூறப்படுகிறது" வரை வந்திருப்பார்கள்?

---

தாலுகாசெய்தியாளன்
செவ்வாய், பிற்பகல் 2.05

அண்ணே, டெஸ்க்ல இருக்கவங்க பேசிட்டீங்க. தெருவுல நிக்கிறவன் நிலைமையையும் கேளுங்க.

நான் பகுதிநேரம். மாசச் சம்பளம் கிடையாது, வெளியாகிற செய்திக்குத்தான் காசு. மாவட்ட போலீஸ் வாட்ஸ்அப் குழுவுல படமும் பிரஸ் நோட்டும் வந்து விழும். விழுந்த பத்தாவது நிமிஷம் போன் வரும்: "அந்தச் சேனல்ல ஸ்க்ரோல் ஓடுது, நீ ஏன் இன்னும் அனுப்பல?" விசாரிக்கிறதுக்கு நேரமே இல்லை. கைதானவர் தரப்புல யாரிட்டயாவது பேசணும்னு எனக்கும் தெரியும். ஸ்டேஷன் வாசல்ல அந்த வீட்டுப் பொம்பளைங்க அழுதுகிட்டு நிக்கிற நேரத்துல எந்த முகத்தோட போய் மைக்கை நீட்டறது? அப்படி நீட்டின நாளும் உண்டு. அதை நினைச்சா இன்னைக்கும் மனசு ஆறல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கைதுக்கு பிரஸ் நோட் வரும். விடுதலைக்கு பிரஸ் நோட் கிடையாது. எந்த இன்ஸ்பெக்டரும் "எங்க வழக்கு தோத்துப்போச்சு, படத்தோட போடுங்க"ன்னு அனுப்ப மாட்டார். கோர்ட்டுக்கு ஆள் போடற அளவுக்கு எந்த பேப்பர்லயும் இன்னைக்கு ஆள் இல்லை. கொலை வழக்கு, பெரிய ஊழல் வழக்குன்னா தீர்ப்பு நாள்ல கூட்டம் கூடும். கூட்டுறவுச் சங்க எழுத்தர் விடுதலையானது அவருக்கும் அவரோட வக்கீலுக்கும் மட்டும்தான் தெரியும்.

---

நடுவர்மன்றம்
செவ்வாய், இரவு 9.30

மதுரையில் வழக்கறிஞராக இருக்கிறேன். சட்ட நிலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், இதில் பலரும் குழம்புகிறார்கள்.

முதல் அடித்தளம் நம்மூர் வழக்கு. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடப் போனபோது எழுந்தது. ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு, உச்ச நீதிமன்றம், 1994 அக்டோபர். ஒருவரின் தனி வாழ்வைப் பற்றி அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது. ஆனால் நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணத்தில் இருப்பதை வெளியிடத் தடையில்லை. பாலியல் குற்றம், கடத்தல் போன்றவற்றுக்கு ஆளான பெண்ணின் பெயர் மட்டும் இதற்கு விலக்கு. கைதுச் செய்திகள் இன்றுவரை இந்த நிழலில்தான் நிற்கின்றன.

அந்தத் தீர்ப்பு வந்தபோது தேடுபொறி கிடையாது. பிறகு வந்த சிக்கலையும் மதுரைக் கிளை வழக்கு ஒன்றிலேயே பார்க்கலாம். 2014ல் மேல்முறையீட்டில் விடுதலையான ஒருவர், இணையத்தில் கிடக்கும் தீர்ப்பில் தன் பெயரை மறைக்கக் கேட்டார். 2021 ஆகஸ்டில் தனி நீதிபதி மறுத்தார், அதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றட்டும் என்ற நிலைப்பாட்டில். 2024 பிப்ரவரி 27 அன்று இரு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்கவும், தீர்ப்புகளை வெளியிடும் சட்டத் தளம் அந்தத் தீர்ப்பை நீக்கவும் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. ஆக, பழையடெஸ்க் சார், சட்டம் உங்களை நீக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. நீங்களாகவே திருத்த முன்வந்தால் தடுக்கவும் இல்லை. முடிவு உங்கள் மனச்சாட்சியிடம்தான் இருக்கிறது.

படம் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. கைதானவரின் முகத்தை வெளியிட்டுவிட்டால், பிறகு சிறையில் நடத்தும் அடையாள அணிவகுப்புக்கு என்ன மதிப்பு? சாட்சி ஏற்கெனவே போனில் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார். கைதானவர்களை ஊடகத்தின் முன் நிறுத்தக் கூடாது என்று ஒன்றிய உள்துறை 2010லேயே சுற்றறிக்கை அனுப்பியது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், காவல்துறை ஊடகங்களுக்குத் தகவல் தருவதற்கான கையேட்டை மூன்று மாதத்தில் தயாரிக்கச் சொன்னது. வாட்ஸ்அப் குழுவில் படம் விழுவது நிற்கவில்லை.

கடைசியாக, தாலுகாசெய்தியாளன் தம்பிக்கு ஒரு நடைமுறைத் தகவல். இ-கோர்ட்ஸ் தளத்தில் காவல் நிலையத்தின் பெயர், முதல் தகவல் அறிக்கை எண் (குற்ற எண்), ஆண்டு மூன்றையும் போட்டாலே வழக்கின் நிலை தெரியும். யாரும் பார்க்கலாம், பணம் கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. கைதுச் செய்தியைக் கோப்பில் ஏற்றும்போதே குற்ற எண்ணையும் குறித்துவைத்தால், ஆறு மாதத்துக்கொரு முறை தேடிப் பார்ப்பது ஒரு மதிய நேர வேலை. "விடுதலை எங்களுக்குத் தெரியாது" என்ற பதில் இனி செல்லாது.

---

தகவல்மனு
புதன், காலை 8.50

எல்லாரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். எதிர்ப்பக்கமும் சொல்லியாக வேண்டும்.

பதினைந்து வருஷமாகத் தகவல் உரிமை மனு போடுகிறேன். எங்கள் ஊர் மணல் விவகாரத்தில் பெயர் அடிபட்டவர்கள், பழைய செய்திகளை நீக்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். காசு வாங்கிக்கொண்டு இணையத்தில் பெயரைத் துடைத்துக் கொடுப்பதைத் தொழிலாகவே செய்கிறார்கள். நீக்கலாம் என்று ஒரு கதவு திறந்தால், அதில் முதலில் நுழைகிறவர் கூட்டுறவுச் சங்க எழுத்தராக இருக்க மாட்டார்.

இன்னொன்று. நம் ஊர் நீதிமன்றங்களில் விடுதலை என்பது எல்லா நேரமும் நிரபராதி என்று பொருளல்ல. சாட்சிகள் பிறழ்ந்துவிடுவார்கள். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசையோடு எரித்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. விடுதலை ஆனவர்கள் பெயரையெல்லாம் நீக்க வேண்டும் என்றால், அந்த வரலாற்றை எப்படி எழுதுவீர்கள்?

---

நாகர்கோவில்அக்கா
புதன், பகல் 12.20

நான் பத்திரிகைக்காரி இல்லை. தேடிக்கொண்டிருந்தபோது இந்த இழை கண்ணில் பட்டது, அதனால் எழுதுகிறேன்.

என் தம்பி ஏசி மெக்கானிக். ஒரு வீட்டில் வேலை பார்த்துவிட்டு வந்த மறுவாரம் அங்கே நகை திருட்டுப் போனது. இவனைப் பிடித்தார்கள். பதினெட்டு நாள் உள்ளே இருந்தான். பிறகு உண்மையான ஆள் வேறு ஒரு வழக்கில் பிடிபட்டு, அவனே ஒத்துக்கொண்டான். குற்றப்பத்திரிகையில் என் தம்பி பெயரே இல்லை. அதாவது அவன் மேல் வழக்கே நடக்கவில்லை. ஆனால் "ஏசி பழுது பார்ப்பதுபோல் நடித்துக் கைவரிசை" என்ற செய்தி இன்றும் அவன் படத்தோடு இருக்கிறது. நடித்தானாம். ஐடிஐ படித்து முறையாக வேலை கற்றவன் அவன்.

பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வந்தபோது ஒரு தடையும் இல்லை. அரசாங்கமே அவனைச் சுத்தம் என்றது. வளைகுடாவில் வேலைக்கு எடுக்கவிருந்த கம்பெனி, இணையத்தில் பெயரைத் தேடிவிட்டு வேண்டாம் என்றது. நான் பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "செய்தி கொடுத்த ரிப்போர்ட்டரைக் கேளுங்க" என்றார்கள். அந்த ரிப்போர்ட்டர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருஷமாகிறதாம். இன்னொரு தளத்துக்கு மூன்று மின்னஞ்சல் போட்டேன். பதிலே இல்லை.

தகவல்மனு ஐயா, நீங்கள் சொல்வதைப் படித்தேன். கீழ்வெண்மணி நிலக்கிழார்களையும் என் தம்பியையும் ஒரே தராசில் வைக்கிறீர்களே, அது எனக்கு வலிக்கிறது. அவர்கள் பெயர் நிற்கட்டும், வரலாறு அது. என் தம்பி பெயர் எந்த வரலாற்றுக்குத் தேவை? அவன் செய்தியை அழிக்கச் சொல்லிக்கூட நான் கேட்கவில்லை. "இவர் மீது வழக்கு இல்லை" என்று மேலே ஒரு வரி சேர்க்கத்தான் கேட்டேன். நாலு வருஷமாகிறது.

---

தகவல்மனு
புதன், பிற்பகல் 1.10

அம்மா, உங்கள் தம்பியை மனதில் வைத்து நான் எழுதவில்லை. ஆனாலும் நான் எழுதியது அவரையும் சேர்த்து அடித்திருக்கிறது. மன்னியுங்கள். அதிகாரம் உள்ளவரின் பெயரும் அதிகாரமில்லாதவரின் பெயரும் வேறு வேறு. அந்த வேறுபாட்டை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நீக்குவதை இப்போதும் எதிர்க்கிறேன். முடிவைச் சேர்ப்பதில் எனக்கு மறுப்பே இல்லை, அதைக் கட்டாயமாகவே ஆக்கலாம்.

---

பருத்தித்துறையான்
புதன், மாலை 6.45

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுறன். எங்கட பக்கத்தில இது இன்னும் கூர்மையான விஷயம். 1979இல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிபட்டவர்களின்ர பெயர் "புலிச் சந்தேகநபர்" எண்டு பத்திரிகையில் வந்துவிடும். வருஷக்கணக்கில் தடுத்து வைத்துவிட்டு வழக்குத் தாக்கல் செய்யாமலே விட்ட ஆக்கள் இருக்கினம். விடுவித்த செய்தி எங்கயாவது ஒரு மூலையில் வந்தால் உண்டு.

2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு குருநாகல் மருத்துவர் ஒருவருக்கு நடந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு அவர் இரகசியமாகக் கருத்தடை செய்தார் எண்டு ஒரு சிங்கள நாளிதழ் மே மாதம் முதல் பக்கத்தில் போட்டது. இரண்டொரு நாளில் கைது. முஸ்லிம் எண்டதே போதுமாக இருந்தது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆதாரம் கிடைக்கவில்லை எண்டது. ஜூலையில் பிணை கிடைத்தது. பிறகு வேலையையும் திருப்பிக் கொடுத்தார்கள். 2022இல் நிலுவைச் சம்பளம் வந்தபோது, நாட்டில் மருந்துத் தட்டுப்பாடாக இருந்த நேரம், அந்தக் காசை மருந்து வாங்கவே கொடுத்துவிட்டார். முதல் பக்கத் தலைப்பை வாசித்த சனத்தில் எத்தனை பேருக்கு இந்தக் கடைசிப் பகுதி தெரியும்?

திருத்தம் போடுறது எண்டால், பிழை எந்த அளவுக்குப் பரவினதோ அந்த அளவுக்குப் பரவ வேணும். நான் வேலை செய்யிற இடத்தில் இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குச் சண்டைக்காரன் எண்டு பெயர்.

---

ஒற்றைமைக்
புதன், இரவு 11.55

ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறேன். நானும் என் மனைவியும் மட்டும்தான். இங்கே பேச எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை, இருந்தாலும் மனதில் இருப்பதைக் கொட்டிவிடுகிறேன்.

2022 ஜூலையில் கள்ளக்குறிச்சி அருகே பள்ளி மாணவி ஒருவர் இறந்தார். 13ஆம் தேதி. 17ஆம் தேதி அந்தப் பள்ளியே எரிந்தது. இடைப்பட்ட நாட்களில் என்னைப் போன்றவர்கள் என்ன செய்தோம் தெரியுமா? மாடி எத்தனை அடி, ரத்தம் எங்கே, யார் எந்த அறையில் என்று படம் வரைந்து விளக்கினோம். முகங்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டோம். தலைப்பின் கடைசியில் ஒரு கேள்விக்குறி வைத்துவிட்டால் சட்டப்படி தப்பிக்கலாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். இணை விசாரணை நடத்தும் சேனல்கள் மீது நடவடிக்கை என்று காவல்துறை எச்சரித்த பிறகுதான் நிறுத்தினோம். எச்சரிக்கை வராமல் இருந்திருந்தால் நான் நிறுத்தியிருப்பேன் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியவில்லை. அந்த வாரம் வந்த பார்வைகள் அதற்கு முன் எனக்கு வந்ததே இல்லை. அந்தக் காசில்தான் என் கேமராவை வாங்கினேன்.

பிறகு ஏழு காணொளிகளை நீக்கினேன். அதற்குள் வேறு ஆட்கள் அவற்றை எடுத்துத் தங்கள் சேனலில் ஏற்றிவிட்டார்கள். அவற்றில் இன்னும் என் குரல் ஓடிக்கொண்டிருக்கிறது. புகார் கொடுத்து நான்கை எடுக்க வைத்தேன், மற்றவை நிற்கின்றன. ஒன்றைச் சொல்லிவிடுவது ஒரு நொடி வேலை. சொன்னதைத் திரும்ப அள்ள எனக்கு மூன்று வருஷம் போதவில்லை.

---

சர்வர்அறை
வியாழன், காலை 10.10

நான் செய்தித் தளங்களுக்குத் தொழில்நுட்ப வேலை பார்க்கிறேன். "நீக்குவதா, வைப்பதா" என்று இரண்டாகப் பார்க்காதீர்கள், நடுவில் பல படிகள் இருக்கின்றன.

செய்தியின் மேலேயே, முதல் பத்திக்கு முன்னால், தேதியோடு ஒரு குறிப்பு வைக்கலாம். பெயரை எடுத்துவிட்டு "எழுத்தர் ஒருவர்" என்று மாற்றலாம். படத்தை மட்டும் எடுக்கலாம். செய்தி தளத்தில் இருக்கட்டும், தேடுபொறி மட்டும் அதைக் காட்ட வேண்டாம் என்று சொல்லும் நோ-இண்டெக்ஸ் குறியை அந்தப் பக்கத்தில் போடலாம். கடைசிப் படிதான் முழுக்க நீக்குவது.

மாற்றும்போது எல்லாரும் கோட்டைவிடும் இடங்கள் சில உண்டு. செய்திக்குள் பெயரை எடுத்துவிடுவார்கள், பக்கத்தின் முகவரியில் ஆங்கில எழுத்தில் பெயர் அப்படியே இருக்கும். படத்தின் கோப்புப் பெயரிலும் இருக்கும். வாட்ஸ்அப்பில் இணைப்பைப் பகிர்ந்தால் பழைய தலைப்பும் பழைய படமும் வரும், அந்த முன்னோட்டத்தைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். செய்தித் திரட்டிச் செயலிகளுக்குப் போன பிரதியை அவர்களிடம் தனியாகச் சொல்லி மாற்ற வேண்டும். கூகுளில் காலாவதியான பக்கத்தைப் புதுப்பிக்கக் கோரும் படிவம் இருக்கிறது, அக்காவும் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் மூலப் பக்கம் மாறினால்தான் அது வேலை செய்யும்.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பழைய செய்தியைத் திருத்திச் சேமித்ததும் சில தளங்களில் தேதி இன்றைய தேதியாக மாறிவிடும். புதுச் செய்தி என்று நினைத்துத் தேடுபொறி மேலே தூக்கும், செயலி எல்லார் போனுக்கும் அறிவிப்பு அனுப்பும். நல்லது செய்யப் போய் ஒன்பது வருஷத்துக்கு முந்தைய கைதை ஊருக்கெல்லாம் மறுபடி அறிவித்த கதை ஒன்று எனக்குத் தெரியும். அறிவிப்பை அணைத்துவிட்டுச் சேமியுங்கள்.

---

நடுவர்மன்றம்
வியாழன், பகல் 1.40

வெளிநாடுகளில் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று இரண்டு செய்திகள் மட்டும். பெல்ஜியத்தின் லெ சுவார் நாளிதழ், 1994ல் நடந்த சாலை விபத்துச் செய்தியைத் தன் இணையக் காப்பகத்தில் ஓட்டுநரின் பெயரோடு வைத்திருந்தது. அவர் தண்டனை பெற்று, அதை முடித்து வெகுகாலம் ஆகியிருந்தது. பெயரை மறைக்க வேண்டும் என்று அந்நாட்டு நீதிமன்றங்கள் உத்தரவிட்டன. 2023 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வும் அதைச் சரி என்றது. அச்சுப் பிரதியில் கை வைக்கவில்லை, இணையப் பிரதியில் மட்டும்தான் மாற்றம். ஈயஎழுத்து ஐயாவின் ஏடும் கிழியவில்லை.

மற்றது அமெரிக்காவின் ஏபி செய்தி நிறுவனம் 2021 ஜூனில் எடுத்த முடிவு. சிறு குற்றச் செய்திகளில் கைதானவரின் பெயரைப் போடுவதில்லை, காவல்துறை தரும் முகப்படத்தையும் அவற்றோடு வெளியிடுவதில்லை. அவர்கள் சொன்ன காரணம் நம் இழைக்கு நேரடியாகப் பொருந்துகிறது: இப்படிப்பட்ட வழக்குகளின் முடிவை நாங்கள் பின்தொடர்ந்து எழுதுவதில்லை, ஆனால் பெயர் இணையத்தில் என்றைக்கும் நிற்கிறது.

நம்மிடம் முறையிடும் இடமும் சரியாக அமையவில்லை. இந்தியப் பத்திரிகை மன்றத்தின் 1978 சட்டம் அச்சுக்கும் செய்தி முகமைகளுக்கும் மட்டும்தான், அதுவும் எச்சரிக்கவும் கண்டிக்கவும் முடியுமே தவிர தண்டிக்க முடியாது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் இணையச் செய்தித் தளங்களுக்குக் குறைதீர் அலுவலர் வேண்டும், 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் முடிவு என்றன. அரசின் பிடி இறுகுமோ என்ற நியாயமான அச்சத்தில் அந்த விதிகளை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன, நெறிமுறைப் பகுதிக்குப் பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையும் விதித்தது. அரசிடம் பிடியைக் கொடுக்கக் கூடாது என்று நாம் சொல்வதானால், நாகர்கோவில்அக்காவின் மின்னஞ்சலுக்கு நாமே பதில் போட்டிருக்க வேண்டும்.

---

பழையடெஸ்க்
அடுத்த வாரம் செவ்வாய், இரவு 11.05

எல்லாருக்கும் நன்றி. இந்த இழையை அப்படியே அச்செடுத்து ஆசிரியரிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்து படித்தார். நாகர்கோவில்அக்கா எழுதியதை அடிக்கோடிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

முடிவானது இவ்வளவுதான். அந்த எழுத்தர் செய்தியில் பெயரையும் படத்தையும் எடுத்துவிட்டோம். மேலே தேதி, நீதிமன்றம், விடுதலை மூன்றையும் ஒரே வரியில் எழுதினோம். "சிக்கினர்" என்பதைக் "கைது" என்று மாற்றினோம், தலைப்பு மாறியிருக்கிறது என்பதையும் கீழே சொல்லியிருக்கிறோம். முகவரியில் இருந்த பெயரையும் சர்வர்அறை சொன்னபடி பார்த்து மாற்றினோம். அறிவிப்பை அணைத்துவிட்டுத்தான் சேமித்தேன், மூன்று தடவை சரிபார்த்தேன், கை நடுங்கியது. மற்ற நான்கு பேரில் இருவர் விடுதலை, ஒருவர் வழக்கு நடக்கும்போதே இறந்துவிட்டார், ஒருவருக்குத் தண்டனை. விடுதலையான இருவருக்கும் அதேபோல் செய்தோம். அவர்கள் எங்களைக் கேட்கவே இல்லை. கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

இனிமேல் சிறு வழக்குகளின் கைதுச் செய்தியில் பெயர் வேண்டாம் என்று நான் கேட்டேன். ஆசிரியர் ஒப்பவில்லை. "மற்றவர்கள் போடுவார்கள், நாம் மட்டும் போடாமல் இருந்தால் வாசகர் அங்கே போய்விடுவார்" என்கிறார். பெயர் போட்டால் குற்ற எண்ணையும் கோப்பில் ஏற்ற வேண்டும் என்பதற்கு மட்டும் ஒப்புக்கொண்டார். ஆறு மாதத்துக்கொரு முறை பார்க்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். கட்சிக்காரர்கள், அதிகாரிகள், பெரும் நிறுவனங்கள் தொடர்பான செய்தியில் பெயரை எடுப்பதில்லை, முடிவை மட்டும் சேர்ப்போம். தகவல்மனு சொன்னதை வைத்துத்தான் அந்தக் கோடு போட்டோம்.

எழுத்தருக்குப் போன் செய்து சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு ஒன்று கேட்டார். கைதுச் செய்தி பேப்பரிலும் வந்தது, விடுதலையான செய்தியைப் பேப்பரிலும் போட முடியுமா என்று. அவர் அம்மாவுக்கு 81 வயது. போனில் எதுவும் பார்க்கத் தெரியாது, காலையில் பேப்பர் மட்டும் படிப்பாராம். அன்றைக்கு அந்தப் பக்கத்தைத் தெருவில் யாரோ கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்களாம்.

பதிப்புப் பொறுப்பாளரிடம் கேட்டேன். நாலு வருஷத்துக்கு முந்தைய தீர்ப்பை இன்றைக்கு எப்படிச் செய்தியாகப் போடுவது, இடமும் இல்லை என்கிறார். நானும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

---

ஈயஎழுத்து
புதன், காலை 5.50

எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம்? பொறுப்பாளர் என்னிடம் பயிற்சி எடுத்தவராக இருக்கலாம். இன்றைக்கே பேசுகிறேன்.

---

பழையடெஸ்க்
புதன், காலை 6.20

நெல்லை, சார். ஐந்தாம் பக்கம், மேலே இடப்பக்கம் மூன்று பத்தி அகலத்தில் வந்தது.